தூசி அண்ணன் மறுக்கிறார்

மதியம் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, தூசி அண்ணன் தலைவர் பதவியை மறுத்துக்கொண்டிருக்கிறார்.

"ஐயோ, நானா? வேணாங்க. என்னைவிட பெரியவங்க எத்தனை பேர் இருக்காங்க!" என்று வலது கையை நெஞ்சில் வைத்துத் தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கிறார். அவர் நடத்துவது கண்ணாடிக் கடை. சுவரோரம் சாய்த்து வைத்த முகம் பார்க்கும் கண்ணாடிகளில் எல்லாம் ஒரே நேரத்தில் தூசி அண்ணன்கள் மறுக்கிறார்கள். வாசலோரக் கண்ணாடியில் தெரிகிறவர் மட்டும் கொஞ்சம் சிரித்துவிடுகிறார். அதனால் மறுபடியும் முதலிலிருந்து.

பெயர் அவரே தேடிக்கொண்டதுதான். அவர் போகும் கிறிஸ்தவச் சபையில் யார் பாராட்டினாலும், "நான் யாருங்க? வெறும் தூசி" என்பார். நாற்காலிகளை வரிசையாகப் போட்டதற்கு நன்றி சொன்னாலும் அதே பதில்தான். சிறுவர்கள் முதலில் முதுகுக்குப் பின்னால் அப்படிக் கூப்பிட்டார்கள். பிறகு எல்லாரும் முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை. தூசிகளில் தான் ஒரு முக்கியமான தூசி என்ற நிறைவுதான் முகத்தில் தெரிந்தது.

தொழிலில் கெட்டிக்காரர். மேசைமேல் கண்ணாடியைப் படுக்கவைத்து, வெட்டுகிற கட்டரை மண்ணெண்ணெயில் தோய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு இழுப்பார். அடியில் லேசாகத் தட்டி இரண்டு கையாலும் அமுக்கினால், சொன்ன பேச்சுக் கேட்ட பிள்ளை மாதிரி கோட்டோடு பிரிந்து வரும். "பயந்து பயந்து இழுத்தா எங்கெங்கயோ ஓடிடும். ஒரே மனசா இழுக்கணும்" என்பார். கடைக்கு வெளியே அவர் எதையும் ஒரே மனதாகச் செய்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

சபையில் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார். அதுவும் நடைபாதை ஓரமாக. முன்னால் இருக்கிறவனை யாரும் முன்னால் கூப்பிட முடியாது. கடைசியில் இருந்தால் கூப்பிடலாம். கூப்பிட்டதும் எழுந்து, தயங்கி, கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க மெதுவாக நடந்து வரலாம். அந்த நடையை அவரைப்போல யாராலும் நடக்க முடியாது.

பாப்டிஸ்ட் சபைகளுக்குப் பேராயர் கிடையாது. ஒவ்வொரு சபையும் தனக்குத் தானே ராஜா. அந்த வட்டாரத்துச் சபைகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. அதன் மாநாட்டில் பிரதிநிதிகள் கையைத் தூக்கித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். சட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பதவி கேட்பவனுக்குப் பதவி இல்லை. நியமனக் கமிட்டி பெயரைச் சொன்னதும் அந்தப் பெயருக்குரியவர் திடுக்கிட வேண்டும். மறுக்க வேண்டும். கூட்டம் வற்புறுத்தும். மறுபடியும் மறுக்க வேண்டும். அப்புறம் யாராவது எழுந்து உருக்கமாக நாலு வார்த்தை சொன்னதும், "கர்த்தருடைய சித்தம் அதுவானால்" என்று தலைகுனிய வேண்டும். இதுவரை வந்த தலைவர்கள் அத்தனை பேரும் இப்படி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லித்தான் வந்தார்கள்.

மாநாட்டு மண்டபச் சுவரில் அவர்களுடைய படங்கள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மரச்சட்டம் போட்டுக் கண்ணாடி வைத்தவர் தூசி அண்ணன்தான். காசு வாங்கியதில்லை. ஒவ்வொரு படத்தையும் மாட்டிவிட்டு இரண்டடி பின்னால் வந்து, அடுத்த ஆணி எங்கே வரும் என்று சுவரைப் பார்ப்பார். வெள்ளைச் சுவரில் அந்த இடத்தில் அவருக்கு மட்டும் ஒரு முகம் தெரியும்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சுற்றி வளைப்பது பிடிக்காது.

"என்னங்க, வேணும்னா வேணும்னு சொல்லிட்டுப் போங்களேன். வேணாம்னு சொல்றதுக்கா இவ்ளோ ஒத்திகை?"

"உனக்குப் புரியாதும்மா. நம்ம ஆளுங்ககிட்ட வேணும்னு சொன்னா அன்னைக்கே கதை முடிஞ்சுது."

"அப்ப வேணாம்னு சொல்லி, நிஜமாவே வேணாமாக்கும்னு விட்டுட்டா?"

"வாயைக் கழுவு!"

இந்த வருஷம் எப்படியும் தன் பெயர் வரும் என்று அவருக்குத் தெரியும். கமிட்டித் தலைவரான ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் கடைக்கு வந்து, வாங்க எதுவும் இல்லாமல் முகம் பார்த்துத் தலை வாரிவிட்டு, "தயாரா இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனாலும் மனது கேட்கவில்லை. ஓட்டுக் கேட்கக் கூடாது, சரி. ஜெபம் கேட்கலாமே? சபை சபையாக ஜன்னல் கண்ணாடி மாற்றப் போகிறவர், வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டே ஆரம்பிப்பார்: "எனக்காக ஒரு பாரத்தோட ஜெபிக்கணும். இந்தத் தலைவர் பொறுப்பு என் தலையில விழுந்துடக் கூடாதுன்னு கேளுங்க. நான் தாங்க மாட்டேன்."

இதைவிட நயமாக ஒருவர் தன் பெயரைப் பரப்ப முடியாது. கடைசி ஊர்ச் சபை வரைக்கும் பரப்பிவிட்டார்.

அவர் மச்சான், மனைவியின் தம்பி, ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். அவரும் ஒரு பிரதிநிதி. இரண்டாவது மறுப்புக்குப் பிறகு எழுந்து உருக வேண்டிய வேலை அவருக்கு.

"மாமா, அந்தப் பல் டாக்டர் பேரும் அடிபடுது."

தூசி அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "அவரா? போன வருஷம் பாட்டுப் பாடச் சொன்னாங்க. உடனே எழுந்து பாடிட்டாரு. மனுஷனுக்கு மறுக்கவே தெரியலியே!"

மாநாட்டன்று மண்டபம் நிறைந்திருந்தது. மின்விசிறிகள் சத்தம் போட்டனவே தவிரக் காற்று வரவில்லை. போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஜெபித்து, இருமி, பெயரைச் சொன்னார். கடைசி பெஞ்சில் தூசி அண்ணன் திடுக்கிட்டார். அப்படி ஒரு திடுக்கிடலை அந்த மண்டபம் அதுவரை பார்த்ததில்லை. பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் எடுத்து நீட்டினார்.

"ஐயோ, நானா? வேணாங்க."

"இல்ல, இல்ல! நீங்கதான்!" என்றது கூட்டம். எல்லாம் முறைப்படி நடந்தது.

இரண்டாவது மறுப்பில்தான் அவர் தன் திறமை முழுவதையும் காட்டினார். குரல் உடைந்தது. "நான் வெறும் தூசிங்க. எல்லாரும் எனக்காக ஜெபிச்சீங்க. என்னை விட்டுடுங்க" என்றபோது கண்ணில் நிஜமாகவே நீர் வந்துவிட்டது. பெண்கள் பக்கத்தில் மூக்குறிஞ்சும் சத்தம். மச்சான் எழுந்திருக்கத் தயாராகி, பெஞ்சின் விளிம்பைப் பிடித்தார்.

அதற்குள் முன்வரிசையில் ஒரு நர்ஸ் எழுந்துவிட்டார்.

"ஐயா, நான் ஒரு சாட்சி சொல்லணும். அண்ணன் எங்க சபைக்கு ஜன்னல் மாட்ட வந்தப்போ இதையேதான் கேட்டாங்க. எங்க பெண்கள் ஐக்கியம் உபவாசம் இருந்து ஜெபிச்சோம். இப்ப இந்தக் கண்ணீரைப் பார்த்துமா அவரை இழுத்து உட்கார வைக்கிறது? நாம கேட்டதுக்கு நாமளே எதிரா கையைத் தூக்குறதா?"

"எங்க சபையிலயும் ஜெபிச்சோம்" என்று ஒரு லாரி டிரைவர் எழுந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். எழுந்தவர் எல்லாரும், அண்ணன் தங்கள் ஊருக்கும் வந்து கேட்டதைச் சொன்னார்கள். ஊர் ஊராகக் கட்டிய வலை ஊர் ஊராக எழுந்து நின்றது. கடைசியில் எல்லாக் கண்களும், பாதி எழுந்து பாதி உட்கார்ந்து தொங்கிக்கொண்டிருந்த மச்சான்மேல் விழுந்தன.

"நீங்க என்ன சொல்றீங்க தம்பி? நீங்க வீட்டு மனுஷன்" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

மச்சான் பெஞ்சின் விளிம்பை விடவில்லை. "நானும்... நானும் ஜெபத்துலதான் இருந்தேன்யா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

தூசி அண்ணன் அவசரமாக எழுந்தார். "அது இல்லைங்க. கர்த்தருடைய சித்தம் எதுவோ, அதுக்கு நான்..."

"போதும் அண்ணா! இனிமே உங்களை யாரும் கஷ்டப்படுத்த மாட்டோம்" என்று நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மண்டபம் ஸ்தோத்திரம் என்றது. இவ்வளவு பேரின் ஜெபம் கேட்கப்பட்ட மகிழ்ச்சியில் சிலர் கைதட்டினார்கள். பின்வரிசையில் கணக்கு டீச்சர் கணவனைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போஸ்ட்மாஸ்டர் கமிட்டி ஆட்களோடு குசுகுசுத்துவிட்டுப் பல் டாக்டரின் பெயரைச் சொன்னார்.

"சரிங்க. செய்றேன்" என்றார் பல் டாக்டர்.

மண்டபம் திகைத்துப்போனது. போஸ்ட்மாஸ்டர் அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். "தம்பி, இது பெரிய பொறுப்பு. நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"யோசிச்சுட்டேங்க."

அதற்குமேல் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. மத்தியானமும் தாண்டிவிட்டது. கைகள் ஒன்றிரண்டாக எழுந்து, பிறகு மொத்தமாக எழுந்தன.

புதிய தலைவரை முழங்காலில் நிறுத்தி, தலைமேல் கைவைத்து ஜெபிப்பது வழக்கம். "இன்னைக்கு முதல் கை யாரோடது? பதவி தேடி வந்தும் வேணாம்னு சொன்ன மனுஷனோடது!" என்றார் போஸ்ட்மாஸ்டர். தூசி அண்ணன் கடைசி பெஞ்சிலிருந்து நடந்து வந்தார். தயங்கவில்லை. கால்சட்டையைத் தட்டவில்லை. விறுவிறுவென்று வந்தார். பல் டாக்டர் மண்டியிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்தச் சகோதரரைத் தாழ்த்தும் ஆண்டவரே, இன்னும் தாழ்த்தும்" என்று தூசி அண்ணன் ஜெபித்தார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. ஒவ்வொரு 'தாழ்த்தும்' என்ற சொல்லுக்கும் தலைமேல் இருந்த கை இன்னும் கொஞ்சம் அழுத்தியது. பல் டாக்டரின் மோவாய் மெல்ல இறங்கி, சட்டையின் இரண்டாவது பொத்தானில் போய் முட்டியது. அப்போதும் தூசி அண்ணன் கையை எடுக்கவில்லை.