விசாரணைக்குச் சம்மதம்

போன மாதம் முழங்கால் வலிக்கு மருந்தெடுக்கப் போன இடத்தில் றுமைஸாவிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். இருபத்தெட்டு வருடம் அவள் வேலை செய்த, கண்டியில் உள்ள அதே ஆஸ்பத்திரி. மற்றவர்கள் பத்திரிகை வாசிக்கிற மாதிரி அவள் அந்தப் படிவத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்தாள்.

"உம்மா, சைன வச்சிட்டு வாங்களே. அது என்ன பரீட்சைப் பேப்பரா?" என்றாள் மகள் மின்ஹா.

றுமைஸா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். தமிழ் நல்ல தமிழ்தான். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அன்று பின்னேரம் கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கு வந்த பிறகும் அவளுடைய மனம் அந்தப் பழைய ரெக்கோட் ரூமை விட்டு வரவில்லை.

தொண்ணூற்றைந்தில் இருபத்தேழு வயதில் அங்கே கிளார்க்காகச் சேர்ந்தாள். மழைக்காலம் வந்தால் சுவரெல்லாம் ஈரம். கூரை வரை அடுக்கிய பழுப்புக் கோப்புகள், ஒவ்வொன்றையும் நாடாவால் கட்டியிருக்கும். ஜன்னலுக்கு வெளியே ஒரு பலா மரம். பக்கத்து மேசை ஸ்வர்ணாவும் அவளும் பகல் சாப்பாட்டுப் பார்சலை மாற்றிக்கொள்வார்கள். ஸ்வர்ணாவின் பொலொஸ் என்ற பிஞ்சுப் பலாக் கறிக்காக றுமைஸா வீட்டிலிருந்து இடியப்பம் கட்டிக்கொண்டு வருவாள். அந்த அறையில் தும்மாமல் ஒரு நாளும் கழிந்ததில்லை. இப்போது நினைத்தால் அந்தத் தும்மல் கூட இனிக்கிறது.

தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் அங்கே விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். தேயிலைத் தோட்டத்திலிருந்து நோயாளி யாராவது வந்து டொக்டருக்கு விளங்காமல் போனால் வார்ட்டிலிருந்து ஆள் வரும். "றுமைஸா மிஸ்ஸ வரட்டாம்." அவளும் பேனையை மூடி வைத்துவிட்டு ஓடுவாள். அது அவளுடைய வேலை இல்லை. ஆனால் அந்த ஓட்டம் அவளுக்குப் பிடித்திருந்தது.

இரண்டாயிரத்து நான்கில் மேட்ரன் பத்துப் படிவங்களை அவளுடைய மேசையில் வைத்து, ஒரு கிழமைக்குள் தமிழில் வேண்டும் என்றார். றுமைஸாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தடித்த அகராதியை விரித்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். ஒரு படிவத்தின் தலைப்பில் இன்வெஸ்டிகேஷன் என்று இருந்தது. அகராதியில் அதற்கு நேரே நாலைந்து சொற்கள் வரிசையாக நின்றன. முதலாவது சொல்தான் மரியாதையாகத் தெரிந்தது. 'விசாரணைக்குச் சம்மதம்' என்று தட்டச்சு செய்தாள். அச்சாகி வந்தபோது ஒரு பிரதியை வீட்டு அலுமாரியில் பத்திரப்படுத்தினாள்.

மூன்றாம் கிழமை வார்ட்டிலிருந்து ஆள் வந்தது. வயிற்றுக் கட்டியோடு வந்த ஒருவர் படிவத்தை வாசித்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாராம். பெயர் கறுப்பையா. ஊர் மடுல்கெல்ல. கட்டிலில் அந்தப் படிவம் மட்டும் கிடந்தது. றுமைஸா அதைப் பார்த்தாள். அவளுடைய படிவம்தான்.

யாரிடமும் கேட்காமல் குடையை எடுத்துக்கொண்டு குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு விரைந்தாள். மடுல்கெல்ல பஸ் புறப்படத் தயாராக நின்றது. பின் சீட்டில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். பக்கத்தில் ஆஸ்பத்திரிப் பையோடு அவருடைய மனைவி அழகம்மா.

"அண்ணே, ஏன் எழும்பி வந்தீங்க?" மூச்சு வாங்கியபடி கேட்டாள். "குழாய் விட்டு வயித்தப் பார்க்கிற டெஸ்ட்தான் அது."

"டெஸ்ட்டுன்னா டெஸ்ட்டுன்னு எழுதலாமுல்ல மிஸ்? விசாரணைன்னுல்ல போட்டிருக்கு."

"வாசல்ல பேர் கேக்கிற கவுண்டர்லயும் அப்படித்தானே போட்டிருக்கு?"

"அதப் பார்த்துட்டுத்தாங்க நான் அந்தப் பக்கம் போகாம சுத்தி வந்தேன்."

றுமைஸாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"தொண்ணூத்தொண்ணுல பொலிஸ் என்னையக் கூட்டிட்டுப் போனப்பவும் இதத்தான் சொன்னாங்க. சின்ன விசாரணை, பொழுது சாயுமுன்ன வந்துரலாம்னாங்க. பதினோரு மாசங்க. அப்பவும் ஒரு தாள்ல கையெழுத்து வாங்கினாங்க. அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. உள்ள இருந்தப்ப கூட இருந்த ஒருத்தருதான் எழுத்து படிச்சுக் குடுத்தாரு. இப்ப வாசிப்பேன். வாசிச்சிட்டுத்தான் எந்திரிச்சேன்."

பஸ்ஸுக்குள் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். றுமைஸா முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்தாள்.

"அத எழுதினது நான்தான் அண்ணே," என்றாள்.

கறுப்பையா அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. ஒரு மாதிரி ஆச்சரியம்.

"அப்ப வேற சொல்லு இல்லீங்களா?"

"ஆராய்ச்சின்னு போடலாம்."

"எம்மேல ஆராய்ச்சி பண்ண நான் என்ன எலியா?"

"சோதனை?"

"சோதனைன்னா செக்பாயிண்ட்ல பஸ்ஸ விட்டு எறங்கி ஐடென்டிட்டிய நீட்டிக்கிட்டு வரிசையில நிக்கணும்."

பக்கத்தில் இருந்த அழகம்மா சொன்னாள்: "பார்க்கப் போறோம்னு எழுதுங்களேன் மிஸ். என்னத்தப் பார்க்கப் போறாங்க, எப்புடிப் பார்க்கப் போறாங்கன்னும் எழுதுங்க. அது போதுமே."

கண்டக்டர் கடைசித் தடவையாக ஊர்ப் பெயரைக் கூவினான். மூவரும் இறங்கினார்கள். நிலையத்து வாங்கில் உட்கார்ந்து, படிவத்தின் பின்பக்கத்தில் றுமைஸா பேனையால் எழுதினாள்: 'என் வாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு, வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று டொக்டர் பார்ப்பார். எனக்கு இது விளங்கியது. நான் சம்மதிக்கிறேன்.' கறுப்பையா அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார்.

டொக்டர் ரணவீரவுக்குத் தமிழ் வாசிக்க வராது. கையெழுத்தில் இருந்த தாளைக் கண்டு புருவத்தைச் சுருக்கினார். றுமைஸா நடந்ததைச் சொல்லிவிட்டு, படிவங்களில் வரும் இங்கிலிஷ் சொற்களுக்குள் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். அவர் கையைக் கழுவிக்கொண்டே சிங்களத்தில் சொன்னார். கண்ணால் பார்த்தால் இன்ஸ்பெக்ட். கையால் தொட்டுப் பார்த்தால் எக்ஸாமின். ரத்தம், படம், குழாய் என்று போனால் இன்வெஸ்டிகேட். அதிலும் தெரியாவிட்டால் கத்தி. அதற்குப் பெயர் எக்ஸ்ப்ளோர்.

றுமைஸாவுக்கு அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிக்கூடத்து இங்கிலிஷ் புத்தகத்தில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு பாய்மரக் கப்பல் படம் இருந்தது. நீலக் கடல், தொலைநோக்கியோடு ஒரு கப்பல் தலைவன். அவ்வளவு காலமும் அவளுக்கு மிகப் பிடித்த இங்கிலிஷ் சொல் அதுதான்.

குழாய் விட்டும் தெளிவாகவில்லை. நாலாம் நாள் கறுப்பையாவின் கட்டில் அட்டையில் டொக்டர் அந்தச் சொல்லையே எழுதினார். றுமைஸா போய்க் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வயித்தத் திறந்து உள்ளுக்கு என்னென்டு பார்க்கணுமாம் அண்ணே. மயக்க மருந்து குடுப்பாங்க. நோவு தெரியாது. எடுக்க வேண்டியது ஏதும் இருந்தா அதே நேரத்தில எடுத்துருவாங்க."

"எடுக்க ஒண்ணும் இல்லாட்டி?"

"திரும்பத் தச்சிருவாங்க."

"இப்புடிச் சொன்னா வெளங்குதுங்க. எழுதிக் கொண்டாங்க," என்றார்.

சத்திரசிகிச்சை அன்று றுமைஸா கோப்புகளை ஒழுங்காக அடுக்கவில்லை. ஸ்வர்ணா தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள், அது ஆறிப்போனது. பின்னேரம்தான் செய்தி வந்தது. அது பழைய சீழ்க்கட்டி. புற்றுநோய் இல்லை. வெட்டி எடுத்துவிட்டார்கள். வார்ட் வாசலில் அழகம்மா அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு றுமைஸா பத்துப் படிவங்களையும் திரும்ப எழுதினாள். ஒரு பக்கத்தில் இருந்தது இரண்டு பக்கமாகிவிட்டது என்று மேட்ரன் முணுமுணுத்தார். "கடதாசிக்குத்தானே பாரம் மிஸ்," என்றாள் றுமைஸா. அவள் ஓய்வுபெறும் வரைக்கும் அந்தப் படிவங்கள்தான் பாவனையில் இருந்தன.

கறுப்பையா வருடத்துக்கு ஒரு தரமாவது கண்டிக்கு வருவார். ரெக்கோட் ரூம் ஜன்னலுக்கு வெளியே, பலா மரத்தடியில் நிற்பார். "சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன் மிஸ்," என்று ஒரு பை பீன்ஸையோ நோக்கோலையோ நீட்டுவார். கிளினிக் துண்டு வந்தால் அதையும் கொண்டுவந்து வாசித்துக் காட்டுவார். பதினான்கு வருடம் அப்படி வந்தார்.

இரண்டாயிரத்துப் பதினெட்டில் அழகம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள். முந்தின நாள் காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கண்ணயர்ந்தவர் எழும்பவில்லையாம். அந்த வருடங்களில் ஒருநாளும் போகாத மடுல்கெல்லவுக்கு றுமைஸா அன்றுதான் பஸ் ஏறினாள். லயத்து வீட்டு முற்றத்தில் அழகம்மா அவளுக்குக் கதிரை போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வந்தவர்களுக்கெல்லாம், "ஆஸ்பத்திரி மிஸ் வந்திருக்காங்க," என்று சொன்னாள். அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகும் இருவரும் அப்படியே இருந்தார்கள். மலைச் சரிவில் தூறல் விழத் தொடங்கியது. நாலு மணி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று யாரோ சொன்னார்கள். "அடுத்த பஸ்ல போறேன்," என்றாள் றுமைஸா.