ரெண்டு பேர் தூக்கின தண்ணித் தகரம்

எங்க தெருப் பிள்ளைங்க மூணு பேர் சேர்ந்து புதுசா கம்பெனி ஒண்ணு ஆரம்பிக்கிறாங்களாம். "நீங்களும் மூணு பேரா லாரி ஓட்டினீங்களே, எப்படி பிரியாம இருந்தீங்க?"ன்னு கேட்டாங்க. பிரியாம இருந்தோம்னு யாரு சொன்னா? கேட்டுட்டாங்க, அதனால எழுதுறேன்.

அம்பதுகளோட தொடக்கம். இலங்கை மலைநாட்டுல, கந்தப்பளையில ஒரு பழைய லாரிய மூணு பேரா வாங்கினோம். நான் தேயிலை பெக்டரியில பிட்டர் வேலைய விட்டுட்டு வந்தவன். சூசை தோட்டத்து லாரி டிரைவர். தோட்டத்து வரிசை வீடான லயத்துல எனக்குப் பக்கத்துக் காம்பரா, அடுத்த அறை. மூணாவது காசிம் நானா, டவுன்ல கடை வச்சிருந்தவர். முஸ்லிம் பெரியவங்கள அண்ணன்ங்கிற மாதிரி நானான்னுதான் கூப்பிடுவோம். காய்கறி ஏத்திக்கிட்டு கண்டிக்கு இறங்குவோம். திரும்புறப்போ கடைச் சாமானோட ரம்பொடை மலை ஏத்தத்துல ஏறுவோம்.

முதல் நாளே ரேடியேட்டர் கொதிச்சிருச்சு. நடு வளைவுல நின்னு நானும் சூசையும் நீயா நானான்னு கத்திக்கிட்டோம். கூட வந்த நானா சிரிச்சுக்கிட்டே ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தோட பிடியில கம்பு ஒண்ணச் சொருகினார். "சண்ட புடிச்ச ரெண்டு பேரும் ஆளுக்கொரு முனையத் தூக்குங்கப்பா. ஓடையில தண்ணி எடுத்துட்டு வாங்க. சிந்தினா மறுபடி போகணும்."

கால் ஒத்து நடக்காட்டி பாதித் தண்ணி போயிரும். "மெதுவாடா!" "நீ ஏன்டா ஓடுற?"ன்னு ஆரம்பிச்சு, ரோட்டுக்கு ஏறி வர்றதுக்குள்ள சிரிச்சிருவோம். அப்புறம் அதுவே எங்க சட்டமாயிருச்சு. டயர் வெடிச்சாலும், மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சு, ஏத்தின கோவா, அதான் முட்டைக்கோஸ், வழியில அழுகினாலும், சண்டை போட்டவங்க தகரத்தத் தூக்கணும். நானாவும் சாரத்த மடிச்சுக் கட்டிக்கிட்டு தூக்கியிருக்கார். பத்து வருஷம் இப்படியே ஓடுச்சு.

ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் காலையில, லாரி நிறைய புதுத்துணி. நானா கடையில காத்துக்கிட்டிருந்தார். பாதி ஏத்தத்துல குபுகுபுன்னு ஆவி. இறங்கிப் பார்த்தா ரேடியேட்டர் ஹோஸ் கழண்டு கிடக்கு. புதுக் கிளிப் போட்டது நான். முறுக்க மறந்துட்டேன். பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

"கிளிப்ப முறுக்கினியாடா?" சூசை அவ்வளவுதான் கேட்டான்.

எனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. "முறுக்காம என்ன? நீ ஓட்டின ஓட்டுக்குக் கழண்டிருக்கும். கூலிக்கு ஓட்டுறவன் மாதிரி ஓட்டினா இப்படித்தான்." சரிசமமா உழைச்ச பங்குக்காரனைப் பார்த்து இப்படிச் சொன்னேன்.

அவன் தகரத்துல கம்பச் சொருகி, ஒரு முனையப் புடிச்சுக்கிட்டு நின்னான். நான் கம்ப உருவி அவன் கையிலேயே குடுத்துட்டு, தகரத்தோட தனியா இறங்கினேன். தலையில வச்சு ஒரு சொட்டு சிந்தாம கொண்டுவந்தேன். அதுல பெருமை வேற, தூ!

சாமான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சு. ஆனா அன்னையில இருந்து சூசை என்கூட சண்டையே போடல. எது சொன்னாலும் "சரிங்க"ம்பான். லாரி நின்னா தானே தகரத்த எடுத்துக்கிட்டு ஓடைக்குப் போயிருவான். ஒருதடவை "டேய்"னு கூப்பிட மாட்டானான்னு ஏங்கிப்போனேன். கிளிப் விஷயத்தச் சொல்லிரலாம்னு எத்தனையோ நாள் வாயத் திறந்திருக்கேன். டயர் விஷயம் எதையாவது பேசிட்டு வந்திருவேன்.

தோட்டத்து ஆளுங்க பலரும் இந்தியாவுக்கே திரும்பிப் போக மனு எழுதிக் குடுத்த காலம் அது. ஒருநாள், "இந்தியா போக எழுதிப் போட்டிருக்கேங்க"ன்னான்.

நானுஓயா ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். பயணத்துக்குத் தண்ணி வேணும்னு குழாயில பெரிய வாளி ஒண்ணு பிடிச்சான். நிறைஞ்சதும் நானும் கைப்பிடியில கை போட்டேன்.

"வேணாங்க, நானே தூக்கிக்கிறேன்"னான். பிளாட்பாரம் முழுக்க சிந்திக்கிட்டே போனான்.

பிள்ளைங்களா, நல்லா சண்டை போடுங்க. போட்டுட்டு தண்ணிக்குத் தனியா மட்டும் போயிராதீங்க. தப்பு உங்களுதுன்னா, ஓடைக்கு இறங்கி முடிக்கிறதுக்குள்ள சொல்லிருங்க.

கிளிப்ப நான்தான் முறுக்கல, சூசை. ஒருதடவை திட்டேன்டா.