சில்லரில் எட்டு டிகிரி

அன்று ஷெட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். முன்பக்க அறையில் போனில் பேசிக்கொண்டிருந்த முதலாளி. பின்னால் பாய்லர்காரர். ஓமம் அரைக்கிற மிஷினில் ஒரு அக்கா. டேங்குக்கு மேலே இரும்பு மேடையில் நின்று வேலை பார்ப்பவர். ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஒரு கிராமத்துக்காரர், அவரை இங்கே மேடைக்காரர் என்றே சொல்கிறேன். கீழே எண்ணெய் பிடிக்கிற இடத்தில் நான். ஆறாவது ஆள் இல்லை. பிற்பாடு பக்கத்து இரும்புக் கம்பெனி வாட்ச்மேன், தானும் கூட இருந்ததாக டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சத்தம் கேட்டு ஓடிவந்து, வாசல் கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான்.

கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் எங்களுடையது சின்ன யூனிட். ஓமம், சீரகம், தனியா இவற்றிலிருந்து எண்ணெய் எடுப்போம். அரைத்த விதையை ஆள் உயர டேங்கில் கொட்டி, மூடியைப் பன்னிரண்டு போல்ட் போட்டு இறுக்கி, அடியிலிருந்து ஸ்டீம் விடுவோம். ஸ்டீம் விதையின் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு மேல்குழாய் வழியாகக் கண்டென்சருக்குப் போகும். அதற்குள் விரல் பருமனில் குழாய்கள், குழாய்களைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர். அங்கே ஸ்டீம் தண்ணீராகி, எண்ணெயோடு சேர்ந்து என் முன்னால் இருக்கும் கண்ணாடிப் பாத்திரத்தில் விழும். எண்ணெய் மேலே மிதக்கும். அதை வடித்துக் கேனில் பிடிப்பது என் வேலை.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுதப் படிக்க வரும். ஆனால் எதைச் செய்தாலும் சரியாகத்தான் செய்தேனா என்கிற சந்தேகம் விடாது. கேஸை மூடினேனா என்று பார்க்க, ஏறிய ரயிலிலிருந்து அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். மூடித்தான் இருந்தது. மேடைக்காரர் எனக்கு வைத்த பெயரே ‘பயம்’தான். “இன்னா பயம், நாஷ்டா துன்னியா? துன்னதுல பல்லி கில்லி உழுந்துதான்னு பாத்தியா?” என்று கேட்டுக்கொண்டேதான் காலையில் உள்ளே நுழைவார். எனக்கும் சிரிப்பு வரும். மதியம் வரை வயிற்றைப் பிடித்துப் பார்த்துக்கொள்ளவும் செய்வேன்.

அதற்கு முந்தின வாரம் இரண்டு தடவை எண்ணெய் குறைந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு கிலோ. “எங்கய்யா போச்சி? கேன்ல ஊத்தி ஊட்டுக்கு எடுத்துகினு பூட்டியா?” என்று முதலாளி சிரித்துக்கொண்டுதான் கேட்டார். விளையாட்டுக்குத்தான் கேட்கிறார் என்று தெரிந்தும் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. விழுகிற தண்ணீரில் விரலை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. வாசலைத் தாண்டித் தெரு முழுக்க ஓம வாசனை. வாசனை வெளியே போகிறதென்றால் எண்ணெயும் அப்படியே ஆவியாகப் போகிறது என்று கணக்குப் போட்டேன். இன்னும் நன்றாகக் குளிரவைத்தால் ஒரு சொட்டும் தப்பாது என்று தோன்றியது.

தண்ணீரைக் குளிரவைக்கிற சில்லர் புதிது, வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. “முப்பதுல வெச்சிக்கீறோம். ஒருத்தரும் பட்டன் மேல கை வெக்கக் கூடாது” என்று முதலாளி எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். ஏன் என்று சொல்லவில்லை. கரண்ட் பில்லுக்காகச் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். அன்று காலை ஒன்பதரை மணிக்கு ஓமம் ஏற்றி ஸ்டீம் விட்டதும், யாரும் பார்க்காத நேரத்தில் கீழ் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனேன். எட்டில் நிறுத்தினேன்.

ஒன்றரை மணி நேரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. எண்ணெய் சில்லென்று விழுந்தது. வாசனை குறைந்தது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் அக்காவுக்கு என் காசில் டீ சொன்னேன்.

பதினோரு மணிவாக்கில் கரண்ட் ஒரு நொடி போய் வந்தது. சில்லர் தானாக மறுபடி ஓட ஆரம்பித்தது. பாய்லர் நின்றுபோனது. பாய்லர்காரர் அதோடு மல்லுக்கட்டி, திரும்ப ஸ்டீம் எழுப்ப நாற்பது நிமிடம் ஆனது. மேடைக்காரர் வால்வைத் திறந்தார். நான் பாத்திரத்தின் முன்னால் உட்கார்ந்து காத்திருந்தேன். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். எண்ணெயும் வரவில்லை, தண்ணீரும் வரவில்லை.

“இன்னா பயம், சொட்டுதா?”

“இல்ல.”

“நல்லா கண்ணத் தொடச்சிகினு பாரு.”

“இல்லபா, ஒண்ணுமே வரல.”

பின்னாலிருந்து பாய்லர்காரர் கத்தினார். “நாலு கிலோ பிரஷர் கீது! ஸ்டீம் வந்துகினுதான் கீது!”

கால் மணி நேரம் ஆனதும் முதலாளி வெளியே வந்தார். மேடைக்காரர் மேலிருந்து சொன்னார், “களியாயிடிச்சி மொதலாளி.” அவர் சொன்னதில் தப்பில்லை. ஸ்டீம் பாதியில் நின்றால், உள்ளே இருக்கும் மாவில் தண்ணீர் இறங்கி அடியில் களிபோல இறுகிவிடும். பிறகு வருகிற ஸ்டீம் அதைத் தாண்டி மேலே ஏறாது. முன்பே இரண்டு தடவை எங்களுக்கு அப்படி ஆகியிருக்கிறது. ஸ்டீமை மூடி, மூடியைக் கழற்றி, நீளக் கம்பியால் குத்திக் கிளறிவிட்டால் சரியாகிவிடும். மேலே ஸ்டீமே ஏறியிருக்காது என்பதால் சோற்றுப் பானையைத் திறக்கிற மாதிரி திறக்கலாம். மூடிமேல் ஒரு பிரஷர் மீட்டர் உண்டு. அதன் முள் பொங்கலிலிருந்து பூஜ்யத்திலேயே படுத்துக் கிடந்தது. சேஃப்டி வால்வும் உண்டு. டேங்குக்குப் பெயின்ட் அடித்தவர்கள் அதற்கும் சேர்த்து அடித்துவிட்டுப் போனதில் அது ஒட்டிக்கொண்டு கிடந்தது.

“தெறந்து குத்தி உடு. மூணு மணிக்கி பார்ட்டி வந்துடுவான்” என்றார் முதலாளி.

ஸ்டீம் வால்வை மூடினார்கள். மேடைக்காரர் ஸ்பேனரை எடுத்தார்.

நான் சும்மா இருக்க முடியாமல் கண்டென்சரைத் தொட்டுப் பார்த்தேன். மேல்பாதி கை வைக்க முடியாத சூடு. கீழ்ப்பாதி வேர்த்துப்போய் ஜில்லென்று இருந்தது. எண்ணெய் விழுகிற வாயைக் கழற்றி மேலே விரலை விட்டேன். கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. நகத்தால் சுரண்டினேன். வெள்ளையாக, கற்கண்டுத் துகள் மாதிரி உள்ளங்கையில் விழுந்தது.

அது என்ன என்று எனக்குத் தெரியும். மார்கழியில் காலையில் வந்து பார்த்தால், ஓம எண்ணெய்க் கேனின் அடியில் அது பூத்திருக்கும். வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் கரைந்துவிடும். ஓம எண்ணெயைக் குளிரவிட்டால் உப்பாக உறையும். இவ்வளவு நாள் கேனைத் தூக்கி வெயிலில் வைத்தவனே நான்தான். எட்டில் வைக்கும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை. பாய்லர் நின்ற நாற்பது நிமிடமும் சில்லர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. குழாய்களில் தங்கிய எண்ணெய் அத்தனையும் உறைந்து வழியை அடைத்துவிட்டது. அப்படியென்றால் டேங்க் களியாகவில்லை. கால் மணி நேரம் விட்ட ஸ்டீம் முழுக்க வெளியே போக வழியில்லாமல் அந்த மூடிக்கு அடியில்தான் இருக்கிறது.

அப்போது நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. சில்லரிடம் போனேன்.

மேல் அம்புக்குறியை அழுத்தி முப்பதுக்குக் கொண்டுவந்தேன். தண்ணீர் சூடேறினால் அடைப்பு தானாகக் கரையும், ஸ்டீம் வழியைப் பார்த்துப் போய்விடும், எட்டில் வைத்தது யாருக்கும் தெரியாமலே போய்விடும். இதுதான் என் புத்தி. முப்பது என்பது நாம் கேட்கிற எண். தண்ணீர் எவ்வளவில் இருக்கிறது என்பதைப் பக்கத்தில் வேறு எண் காட்டும். அது எட்டு புள்ளி ஆறு என்றது. பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்பது. மேலே ஸ்பேனர் இரும்பில் உரசுகிற சத்தம். முதல் போல்ட். இரண்டாவது போல்ட்.

“இன்னாபா அங்க நோண்டிகினு கீற? மூஞ்சி வெளுத்துப் போய்க்கீதே” என்றார் அக்கா.

“ஒண்ணுமில்லக்கா.”

மேடைக்காரர் அக்காவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “யக்கா, மூடி தெறக்கசொல்ல கிட்ட வராத. இந்த வாசனைக்கி துன்னதெல்லாம் ஜீரணமாயி, சாயங்காலத்துக்குள்ள மாமனை வித்து பிரியாணி துன்னுடுவ.”

“அந்த ஆளை வித்தா குஸ்காகூட வராது, நீ வேலையப் பாருபா” என்றார் அக்கா.

பத்து. பத்து புள்ளி நான்கு. நாலாவது போல்ட். எண் ஏறுவது நின்றுவிட்டது போல இருந்தது. தட்டிப் பார்த்தேன். ஐந்தாவது போல்ட். ஆறாவது. கண்டென்சரிலிருந்து ஒரு சொட்டு விழுந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். ஏழாவது போல்ட் கழன்றபோது மூடியின் ஓரத்தில் மெலிதாக ஒரு சீறல் கேட்டது.

“தெறக்காத! எறங்கு! உள்ள ஸ்டீம் கீது!” என்று கத்தினேன்.

மேடைக்காரர் சிரித்தார். “ஆரம்பிச்சிட்டியா நைனா?”

முதலாளியும் கையை வீசினார். “ஏம்பா, நீ வேற பேஜாரு பண்ணாத.” அவர்களைக் குறை சொல்ல முடியாது. மழை பெய்தால் ஷெட் விழும், நாய் குரைத்தால் தீப்பிடித்திருக்கிறது என்று சொல்லியே பழகிய ஆள் நான். என் கத்தலுக்கு அங்கே மதிப்பில்லை. எட்டாவது போல்ட்டில் ஸ்பேனர் மாட்டியாகிவிட்டது.

“நான்தான் சில்லரை எட்டுல வெச்சேன்! கண்டென்சர் ஒறைஞ்சி அடைச்சிக்கினு கீது! ஸ்டீம் பூரா டேங்க்லதான் கீது!”

பாய்லர்காரருக்குத்தான் முதலில் புரிந்தது. “டேய், எறங்குடா! ஸ்பேனரப் போட்டுட்டு எறங்குடா!”

மேடைக்காரர் திரும்பினார். அதற்குள் கழற்றிய பக்கத்தில், மூடிக்கு அடியில் இருந்த ரப்பர் கேஸ்கட் பிய்த்துக்கொண்டது. வெள்ளையாக ஒரு பட்டை, பலகை அகலத்துக்குப் பக்கவாட்டில் பாய்ந்தது. அவருடைய இடது கை அதில் இருந்தது. அவர் கத்தியது எனக்குக் கேட்கவில்லை, ஸ்டீமின் சத்தம் அப்படி. மேடையிலிருந்து அவர் குதித்ததை மட்டும் பார்த்தேன்.

அக்காதான் அவரை இழுத்துப்போய்க் குழாயடியில் கையைக் காட்டவைத்தார். நான் சில்லரையே நிறுத்தினேன். டேங்க் சீறி ஓய நெடுநேரம் ஆனது. கடைசியில் கண்டென்சர் ஒரு இருமல் இருமி, உப்பும் எண்ணெயுமாகத் தரையெல்லாம் கக்கியது. கண் எரிச்சலில் யாராலும் நிற்க முடியவில்லை. முதலாளி தன் காரிலேயே அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்திருந்தது.

சாயங்காலம் பாய்லர்காரர் மேடையில் ஏறி, இறுகியிருந்த போல்ட்டுகளை எண்ணினார். “அஞ்சி மிச்சம் கீது. இன்னும் ரெண்டு கழண்டிருந்தா மூடி அவன் நெஞ்சுக்கு வந்திருக்கும்” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிச் செலவையெல்லாம் கட்டிவிட்டு வந்து, புது மீட்டரும் புது சேஃப்டி வால்வும் வாங்கிப்போட்டார். சில்லர்மேல் பெயின்டில் ‘முப்பதுக்குக் கீழே வைத்தால் ஓமம் உறையும்’ என்று எழுதவைத்தார். ஆனால் மேடைக்காரர் வராத நாட்களுக்குச் சம்பளம் தரவில்லை. வேலைக்கு வந்தால்தான் கூலி என்பது அவருடைய முறை. ஒரு நாளைக்கு எழுநூறு. பதினெட்டு நாள் அவரால் வர முடியவில்லை.

நான் ஷேர் ஆட்டோ பிடித்து அவர் ஊருக்குப் போனேன். கையில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பதினெட்டு நாள் கூலியை நான் தருவதாகச் சொன்னேன்.

“நீ இன்னாத்துக்கு நைனா குடுக்குற? பட்டனைத் தட்டுனதுக்கா? தெரியாமத்தான தட்டுன?”

“ஆமா.”

“நீ கத்தலன்னா நான் போய்ச் சேந்திருப்பேன். ஊருல அல்லார்கிட்டயும் அதான் சொல்லிகினு கீறேன். அந்தப் பயம்தான் என்னியக் காப்பாத்திச்சின்னு.” உள்ளே திரும்பி மனைவியிடம், “இந்தாம்மே, அந்த ஆளு வந்துக்கீறாரு பாரு, காப்பி போடு” என்றார்.

அந்தக் காப்பியைக் குடித்தேன். சில்லர் முன்னால் நின்ற நேரத்தைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. ஏழு போல்ட் கழற்றுகிற நேரம் அது. அக்காவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் உண்டு. ஒருநாள் ஓமம் சலித்துக்கொண்டே, “அன்னிக்கி சில்லராண்ட நின்னுகினு இருந்தியே, எவ்ளோ நேரம்பா நின்ன?” என்று கேட்டார். “கொஞ்ச நேரம்தான்க்கா” என்றேன். சல்லடையைத் தட்டினார்.

மேடைக்காரர் வேலைக்குத் திரும்பிவிட்டார். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் ஐந்நூறு கொடுக்கிறேன். “டப்பு வந்திச்சி டோய்” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு இடது கையை நீட்டுவார். கடைசித் தவணை கொடுக்கிற அன்று எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். பன்னிரண்டாயிரத்து அறுநூறில் பதினேழு தவணை கொடுத்தாகிவிட்டது. போன இரண்டு சனிக்கிழமையும், கையில் பணம் இருந்தும் இல்லை என்று சொல்லிவிட்டேன். இன்னும் நாலாயிரத்து நூறு ரூபாய் பாக்கி.