வெண்டல் வாங்கிய இரண்டு பேர் கூடாரம்

வெண்டல் ஸ்கோக்லண்ட் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை முப்பத்தோரு வருஷம் ஓட்டினான். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். எனக்கு 'அவன்' என்றுதான் வாயில் வரும். முப்பத்தோரு வருஷமும் அவன் முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அதனாலோ என்னவோ, ஏரி உறைந்துவிட்டால் ஞாயிறுதோறும் பனிக்கட்டியில் ஓர் ஓட்டையைப் போட்டுவிட்டு, கவிழ்த்த வாளியின்மேல் தூண்டிலோடு உட்கார்ந்துவிடுவான். வடகாற்று அடித்தால் தெற்குப் பக்கம் திரும்பிக்கொள்வான். எங்கள் மின்னசோட்டாவின் ஜனவரிக் குளிரில் அப்படி உட்கார்ந்திருக்கிறவனிடம் யாரும் பேச்சுக் கொடுக்க வரமாட்டார்கள். அவனுக்கு வேண்டியதும் அதுதான்.

ஓய்வுபெற்ற வருஷம், நவம்பரில், அவன் மனைவி லவோன் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள்: "காத்து படாம உக்கார ஒரு இடம் இருந்தா நானும் உன்கூட ஏரிக்கு வருவேன், வெண்டல்."

வெண்டல் வாயிலிருந்த காட்டரிசி சூப்பை மெதுவாக விழுங்கினான். "அதுக்கென்ன, ஒரு கூடாரம் வாங்கிட்டாப் போச்சு" என்றான்.

மறுநாள் காலை என் கடை வாசலில் நின்றான். ஏரிக்கரையில் தூண்டில், புழு, உயிருள்ள இரைமீன் விற்கிற கடை என்னுடையது. என் பெயர் ஆர்லிஸ்.

"ரெண்டு ரகம் இருக்கு" என்று காட்டினேன். "இது சறுக்குத் தட்டோட வர்றது. பனிமேல இழுத்துட்டுப் போய், உக்காந்து, துணிய தலைக்குமேல கவுத்துக்கிட்டா முடிஞ்சது. அது குடை மாதிரி விரியறது. இடம் தாராளம், ஆனா காத்துல நிறுத்தறதுக்குள்ள உயிர் போயிடும்."

"உக்காந்து பாக்கலாமா?"

"பாரேன்."

அங்கே தொடங்கியது என் கஷ்டகாலம். மறு சனிக்கிழமை வாளியோடும் தூண்டிலோடும் வந்து, கடைநடுவில் விரித்துவைத்திருந்த கூடாரத்துக்குள் புகுந்து, என் தரைவிரிப்பின்மேல் தூண்டிலைத் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தான். வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "ஏதாவது கடிச்சுதா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல" என்றான் வெண்டல், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஐந்து சனிக்கிழமை இப்படிப் போயிற்று. பஞ்சு வைத்துத் தைத்தது சூடு அதிகமாம், தூங்கிவிடுவானாம். ஒற்றைத் துணியானால் மூச்சுக்காற்று உறைந்து, உருகி, கழுத்துக்குள் சொட்டுமாம். கறுப்பு இருட்டாம். சிவப்பைப் பார்த்தால் மீன் மிரளுமாம்.

"மீன் அண்ணாந்து பாக்காது, வெண்டல்."

"நீ மீனா? உனக்கெப்படித் தெரியும்?"

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமைதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு பேர் உட்காருகிற கூடாரத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டான்: "இதுக்கு நடுவுல ஒரு திரை போட முடியுமா?"

"எதுக்கு?"

"காத்துக்கு."

"கூடாரத்துக்குள்ள ஏதுப்பா காத்து?"

வெண்டல் தரையைப் பார்த்தான். "லவோன் பேசுவா, ஆர்லிஸ்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்ப ஒத்தை ஆள் கூடாரம் வாங்கிக்கோ."

"அதை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போனா அப்புறம் நான் அதுலதான் படுக்கணும். தோட்டத்துல."

அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பெண்டாட்டி மேல் பிரியம் இல்லாதவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றே ஒன்றைத் தனக்கென்று வைத்திருந்தான், அவ்வளவுதான். கடைசியில் பெருமூச்சு விட்டுக்கொண்டே, சறுக்குத் தட்டில் இரண்டு நாற்காலி வைத்த பஞ்சுக் கூடாரத்தை வாங்கிக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை லவோன் வந்தாள். "அவன் வாங்கினத இன்னும் கட்டுப் பிரிக்கல. கடைசியா என்ன வாங்கினான்?"

"ரெண்டு பேர் உக்கார்றது. உனக்கும் சேத்து."

"அப்பாடா. அவன் பக்கத்துல வேற யாராவது உக்காரட்டும். எனக்கு ஒத்தை ஆளுக்கு ஒண்ணு குடு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. லவோன் கையுறையைக் கழற்றி மேஜைமேல் போட்டாள்.

"ஆர்லிஸ், அவன் வேலைய விட்டதுலேருந்து வாய மூடல. முட்டை வேகவெச்சா பக்கத்துல நின்னு எத்தனை நிமிஷம்னு சொல்றான். நான் தைச்சா ஊசில நூல் கோக்க சொல்லித் தர்றான். பஸ்ல கத்திக் கத்திப் பழகின வாய் இப்ப என்கிட்ட மட்டும் ஓடுது. எனக்கும் மீன் பிடிக்க ஆசைதான். ஆனா ஞாயித்துக்கிழமையாவது கொஞ்சம் அமைதி வேணாமா?"

சிவப்புக் கூடாரத்தில் ஒரு தடவை உட்கார்ந்தாள், கையை நீட்டிப் பார்த்தாள், ஜிப்பை மேலும் கீழும் இழுத்தாள். "போதும், கட்டு." எல்லாம் ஏழு நிமிஷம்.

புதுவருஷத்தின் முதல் ஞாயிறு நானும் ஏரியில் இருந்தேன். வெண்டலின் கூடாரத்திலிருந்து முப்பது அடி தள்ளி லவோனின் சிவப்புக் கூடாரம். கால் மணி நேரம் சத்தமே இல்லை. பிறகு வெண்டல் தலையை நீட்டினான்.

"லவோன்! குளிருதா?"

"இல்ல."

"இரை மாத்தினியா?"

"மாத்தினேன்."

"தூண்டில ரொம்ப ஆட்டாத!"

"வெண்டல், மீனெல்லாம் அடுத்த ஏரிக்கு ஓடுது!"

அவள் அதற்குள் மூன்று மீன் பிடித்திருந்தாள். அவனுக்கு ஒன்றுமில்லை. பொறுக்க முடியாமல் எழுந்து போய் அவள் கூடாரத் துணியைத் தூக்கினான். "நான் உள்ள வரட்டா?"

"எங்க உக்காருவ? என் தலைமேலயா?"

அந்தச் சமயம் பார்த்துக் காற்று ஒரு பிடி பிடித்தது. இவன் கூடாரத்தைப் பனியில் ஆணி அடித்து இறுக்கியிருக்கவில்லை. இரண்டு நாற்காலியோடும் அது ஏரிமேல் சறுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. "ஏய்! நில்லு!" என்று, ஓடுகிற பையனை அதட்டுவதுபோல் அதட்டிக்கொண்டே வெண்டல் பின்னால் ஓடினான். இரண்டு முறை விழுந்தான். இரண்டாவது முறை உட்கார்ந்தபடியே வெகுதூரம் சறுக்கிப் போனான்.

"லவோன், உன் புருஷன் போறான்!" என்றேன்.

"எனக்கு மீன் கடிக்குது. நீ கொஞ்சம் போய்ப் பாரேன்."

பனிமேல் ஓடுகிற மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். எதிர்க்கரை நாணலில் கூடாரம் மாட்டியிருந்தது. ஒரு கம்பி மட்டும் வளைந்திருந்தது. வெண்டல் கூடாரத்துக்குள் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தான்.

"அடி பட்டுதா?"

"இல்ல." சுற்றிலும் பார்த்தான். ஆள் அரவம் இல்லை, குருவிச் சத்தம்கூட இல்லை. ஆசைப்பட்ட அமைதி முழுசாகக் கிடைத்திருந்தது. இரண்டு நிமிஷம் தாங்கினான். "ஆர்லிஸ், அந்த நாற்காலி சும்மாத்தானே இருக்கு. செத்த உக்காரேன்."

உட்கார்ந்தேன். என் புத்தி! டீசல் இன்ஜினைக் குளிரில் எப்படிக் கிளப்ப வேண்டும் என்று முக்கால் மணி நேரம் சொன்னான்.

அதற்குப் பிறகு வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டு உட்காரச் சொன்னான். அந்த நாற்காலியைப் பார்த்தாலே ஏரியில் ஆட்கள் நழுவினார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் எல்ராய் மட்டும் ஞாயிறு தவறாமல் வந்தார். அவருக்குக் காது மந்தம், சூடான காபி பிடிக்கும்.

பிப்ரவரிக் கடைசி ஞாயிறு எல்ராய்க்குச் சளி, வரவில்லை. அன்றைக்கு லவோன் தானாகவே எழுந்து வந்து வெண்டலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சமையலறையிலிருந்து முட்டை வேக நேரம் வைக்கிற மணிக்கூட்டைக் கொண்டுவந்திருந்தாள். இருபது நிமிஷத்துக்கு முடுக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "ம், சொல்லு."

மணி அடித்ததும் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் தன் சிவப்புக் கூடாரத்துக்குப் போய்விட்டாள்.

மறுநாள் வெண்டல் கடைக்கு வந்தான். முகமெல்லாம் பல்.

"இருபது நிமிஷம், ஆர்லிஸ்! ஒரு வார்த்தை குறுக்க பேசல. அடுத்த தடவை அரை மணியா முடுக்கச் சொல்லிக் கேக்கப் போறேன்."