காற்றைக் கழித்த கணக்கு

தெருவில் அவளுக்கு வாட்ச்காரி என்று பெயர். நின்றுபோன சுவர்க் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பேட்டரி மாற்றித் தரச் சொல்கிறவர்களும் உண்டு. அவள் வேலை அதுவல்ல. ஸ்மார்ட் வாட்ச்சின் முகத்தில் மணி எங்கே, மழை எங்கே, வெயில் எங்கே என்று கம்ப்யூட்டரில் எழுதி அமைக்கிறவள் அவள்.

புருஷனுக்கு மொட்டை மாடிகளில் நீர்க்கசிவு அடைக்கும் வேலை. போன கோடையில் ஐந்தாம் மாடியில் மயங்கி விழுந்து, விளிம்புக்கு ஒரு முழம் இப்பால் கிடந்தான். தலை சுற்றுகிறது, தாகமாயிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிற ஆளா அவன்? அதனால் அவனுக்கென்றே ஒரு முகம் செய்தாள். வெயில், காற்றின் ஈரம், காற்றின் வேகம் மூன்றையும் சேர்த்து, உடம்புக்கு எத்தனை டிகிரியாகத் தெரியும் என்று காட்டும். முப்பத்தெட்டைத் தொட்டால் கையில் அதிரும். உடனே நிழலுக்கு இறங்கிவிட வேண்டும். தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. நாலாம் வாரம் ஒரு நாள் விடிந்ததிலிருந்தே காற்று. பதினொரு மணிக்குத் துணி உலர்த்திவிட்டு வந்த நாத்தனார், கழுத்து வேர்வையைத் துடைத்தபடி, அதே முகம் ஓடிய அண்ணியின் வாட்ச்சை எட்டிப் பார்த்தாள். வெயில் முப்பத்தாறு, உடம்புக்கு முப்பத்திரண்டு என்றிருந்தது.

"அண்ணி, உங்க கணக்குப்படி பாத்தா நான் போர்வை போத்திக்கணும் போல."

சிரிக்கப் போனவளுக்குச் சட்டென்று உறைத்தது. ஓடிப்போய்க் கணக்கைத் திறந்தாள். காற்றின் வேகத்தில் பத்துக்கு ஏழு பங்கைக் கழிக்கிற இடம் ஒன்று இருந்தது. அங்கே சூத்திரம் கேட்பது விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று. வானிலைத் தகவல் வருவதோ மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று. மாற்றாமல் அப்படியே போட்டிருந்தாள். நாலு இருக்க வேண்டிய இடத்தில் பதினாலு. காற்றில்லாத நாளில் கழிக்க ஒன்றுமில்லை, தப்பும் தெரியவில்லை. காற்று கூடக் கூடப் பொய்யும் கூடும். அவளைக் கவனமில்லாதவள் என்று யாரும் சொல்ல வேண்டாம், ஒத்துக்கொள்ள முடியாது. ஈரத்தின் கணக்கைப் பத்துத் தடவை சரிபார்த்தவள். காற்றை மட்டும் நம்பிவிட்டாள்.

உண்மையில் முப்பத்தொன்பது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. தரை தேய்க்கும் மெஷின் ஓடும்போது பைக்குள் கிடக்கும் போன் எங்கே கேட்கும்? திருத்திய முகத்தை அவன் கடிகாரத்தில் ஏற்றவோ, கடிகாரம் வீட்டுக்கு வர வேண்டும். ஸ்கூட்டரை எடுத்தாள். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் மாடிகளையே பார்த்தாள்.

அவன் வேலை செய்த கட்டிடத்தின் படிகளில் மெஷின் சத்தம் கேட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். மூன்றாம் மாடியில் அவள் கால் வைத்தபோது சத்தம் நின்றது. மீதி இரண்டு மாடியை எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது.

தண்ணீர்த் தொட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது. பார்வை மட்டும் கடிகாரத்தில்.

"அரை மணியா தலை சுத்துது. இது முப்பத்திரண்டுங்குது. சரி, எனக்குத்தான் வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்."

"உங்க உடம்பு சரியாத்தான் சொல்லிருக்கு," என்றாள், அவன் கையிலிருந்து கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டே. "நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

கைத்தாங்கலாக இறக்கி, நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணி போட்டு, மடக்கு மடக்காகத் தண்ணீர் கொடுத்தாள். அரை மணியில் முகத்தில் களை வந்தது. மேஸ்திரி என்ன கேட்டும் அன்று அவனை மேலே அனுப்பவில்லை.

சாயங்காலம் கணக்கைத் திருத்திக் கடிகாரத்தை நீட்டினாள். கட்டிக்கொண்டே கேட்டான்: "இப்ப சரியா இருக்குமா?"

எண் தெரியாதபடி அவன் மணிக்கட்டைத் தன் உள்ளங்கையால் மூடினாள்.

"உங்களுக்கு இப்ப எப்படி இருக்குன்னு மொதல்ல சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்."