அப்பாவுக்குக் கட்டம் இல்லாத தாள்

புதன்கிழமைகளில் மருத்துவமனையின் இரண்டாவது மாடி பெஞ்சில் போய் உட்கார்ந்தால், புதிதாக வேலைக்கு வந்த ஆயா யாராவது என்னிடம் கேட்பார்: "பேஷன்ட் எங்கம்மா? டீ குடிக்கப் போய்க்கீறாரா?"

பக்கத்தில் தலைக்குத் துணி கட்டியிருக்கும் என் மகள் கையைத் தூக்குவாள். "இங்கதான் கீறேன்க்கா."

புது மருந்தைச் சோதித்துப் பார்க்கும் ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களுக்கான பெஞ்சு அது. என் மகளைத் தவிர எல்லாரும் ஆண்கள். வேறு பெண்களும் இருந்தார்கள்தான். டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருந்த மனைவிமார்கள்.

ரத்தப் புற்றுநோய் ஆண், பெண் பார்த்து வருவதில்லை. கீழே பெண்கள் வார்டில் தரையில்கூடப் பாய் போட்டிருந்தார்கள். அங்கிருந்து ஏன் ஒருத்தியும் மாடிக்கு வரவில்லை என்று எனக்குத் தெரியும். என் மகளே வராமல் போயிருப்பாள். தடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

அப்போது அவளுக்கு இருபத்துமூன்று வயது. எங்கள் வீடு ராயபுரத்தில். அவள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நான் திருவொற்றியூரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மகள், கப்பல் சரக்குக்குச் சுங்கப் பத்திரம் தயாரிக்கும் ஒரு சின்ன ஆபீசில் டைப் அடித்தாள். பத்திரத்தில் ஒரே ஒரு கட்டத்தைத் தப்பாக அடித்தாலும் கன்டெய்னர் யார்டைவிட்டு நகராது என்பாள்.

முதலில் கொடுத்த மருந்துக்கு நோய் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை டாக்டர் என்னைப் பார்த்து, புது மருந்து ஒன்று சோதனையில் இருக்கிறது, சேர விருப்பமா என்றார். மகள் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். அவளைக் கேட்க அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"அவங்க அப்பாவக் கேட்டுட்டு சொல்றோம் சார்" என்றேன். பல வருடமாகச் சொல்லிப் பழகிய வாய்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. அதோட இந்தத் தடவைக்கு ஆள் சேர்க்கறது முடியுது" என்று சொல்லி, தமிழில் அச்சடித்த தாள்களைக் கொத்தாகக் கொடுத்தார்.

அவள் அப்பா தாளைத் தொடவே இல்லை. "சோதன பண்றதுக்கு எம் பொண்ணு இன்னா எலியா?"

இதே மனிதர்தான் இரண்டு வருடம் முன்பு, தன் அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தபோது, இதே மாதிரி ஒரு தாளில் நின்றபடியே கையெழுத்துப் போட்டவர். "ஆம்பள பொயச்சாத்தான் வூடு நிக்கும்" என்றார். அன்றைக்கு அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

அந்தத் தாள்கள் நான்கு நாள் டிவி மேல் கிடந்தன. கையெழுத்துப் போடப் போகிறவர் அவர், நான் எதற்குப் படிக்க வேண்டும் என்றிருந்தேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். படிக்காமல் கெஞ்சினேன். அவருக்குப் பிடித்த நெத்திலிக் குழம்பு வைத்துக் கெஞ்சினேன். மாதா கோவிலில் முழங்காலிட்டேன்.

வியாழக்கிழமை மாலை அவருடைய அண்ணன், மனைவியோடு வந்தார். குரல் கரகரத்திருந்தாலும் ஆள் தெம்பாக இருந்தார். அவராவது பேசுவார் என்று நம்பினேன்.

"எனக்கு வேற, இவளுக்கு வேறம்மா. எனக்குப் புள்ளைங்க வளந்துட்ச்சி. இவளுக்கு நாளைக்கி ஒரு கொயந்த தங்கலைன்னா?"

என் ஓரகத்தி குரலைத் தாழ்த்தினார். "சேர்றதுக்கு முன்னாடி புள்ள உண்டாகலன்னு டெஸ்ட் எடுப்பாங்களாமே? கண்ணாலம் ஆவாத பொண்ணுக்கு இன்னா டெஸ்ட்டு அது? வெளிய தெரிஞ்சா எவன் வருவான் பொண்ணு கேட்டு?"

"கேக்க வரும்போது பொண்ணு இருக்க வேணாமாக்கா?" என்றேன். அவர்கள் முன்னால் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

அவள் அப்பா எழுந்தார். "நான் போட மாட்டேன். எதுனா ஆச்சின்னா, எங் கையால எம் பொண்ண..." முடிக்க முடியாமல் அழுதார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

அப்போதுதான் உள்ளே படுத்திருந்த மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். டிவி மேலிருந்த தாள்களை எடுத்துக் கீழே உட்கார்ந்து, ஆபீசில் படிக்கிற மாதிரி வரிக்கு வரி நகத்தை வைத்து நகர்த்திக்கொண்டே போனாள். கடைசிப் பக்கத்தில் நகம் நின்றது.

"ம்மா, இதுல அப்பாவுக்குக் கட்டமே இல்லியே."

"இன்னாது?"

"பங்கேற்பவர் கையெழுத்து. அது நானு. டாக்டருக்கு ஒண்ணு. சாட்சிக்கு ஒண்ணு, அதுவும் பங்கேற்பவருக்குப் படிக்கத் தெரியலன்னாத்தான். எனக்குத் தெரியுமே. அப்பா, புருஷன், அண்ணன், யாருக்கும் கட்டம் இல்ல."

"போன வாட்டி நான்தானடி போட்டேன்!" என்றார் அவள் அப்பா.

அவருடைய அண்ணன் தன் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தார். "டேய், எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஒன்ன சாட்சிக்குக் கூப்ட்டாங்க. மையத் தொட்டு கைநாட்டு வெச்சது நானு. ரெண்டு வருசமா நீ என்னமோ எனக்கு உசுரு குடுத்தாப்புல ஊரெல்லாம் சொல்லிகினு கீற!"

மகள்தான் முதலில் சிரித்தாள். பிறகு பேனா கேட்டாள்.

"வேணாம்மா. அப்பா சொல்றேன்ல."

"நீ பயப்படுப்பா, வேணாங்கல. பயந்துகினே எங்கூட வா."

மறுநாள் அவர் வரவில்லை. நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனோம். "அப்பா வரலையா?" என்றார் டாக்டர். "அவருக்குக் கட்டம் இல்லியே சார்" என்றாள் மகள். பிறகு, நான் வாய்விட்டுக் கேட்கக் கூசியதையெல்லாம் அவளே கேட்டாள். மாதவிலக்கு நிற்குமா, பின்னால் குழந்தை பிறக்குமா என்று.

"இதுவரைக்கும் பொம்பளைங்க அதிகமா சேரலம்மா. அதனால எங்களுக்கே சரியாத் தெரியாது."

தெரியாது, அதனால் பெண்ணைச் சேர்க்கப் பயம். சேர்க்கவில்லை, அதனால் தெரியாது. அவள் கேட்டுக்கொண்டு, கையெழுத்துப் போட்டாள்.

மருந்து வேலை செய்ததா என்று கேட்பார்கள். செய்தது. அவள் இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள். ரத்தப் பரிசோதனை முடிவு வரும் நாளில் இன்னமும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஆனால் அவள் பிழைத்ததால் இதை எழுதவில்லை. பிழைக்காமல் போயிருந்தாலும், அந்தக் கையெழுத்து அவளுடையதுதான் என்று இதே வரிகளை எழுதியிருப்பேன்.

அடுத்த தடவை ஆள் சேர்க்கத் தொடங்கியதும், அவள் மாடியில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் நேரத்தில் நான் அந்தத் தாள்களோடு கீழே பெண்கள் வார்டுக்குப் போக ஆரம்பித்தேன். "வூட்டுக்காரரு ஷிப்டுல கீறாரு", "புதங்கெயம லாரித் தண்ணி வர்ற நாளு", "மாமியார் ஒத்துக்காது" என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நான் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டுவேன்.

ஒருநாள் நர்ஸ் மறித்தார். "டீச்சர், ஆள் புடிக்கறீங்களா?"

"இல்லம்மா. படிச்சுக் காட்டறேன்."

எண்ணூரிலிருந்து வந்த ஒரு பெண் என்னை எல்லாப் பக்கங்களையும் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். அவள் புருஷன் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. தாளை மடித்து என் கையில் கொடுத்தாள்.

"எனக்கு வேணாம் டீச்சர்" என்றாள். "டாக்டராண்ட நானே சொல்லிக்கிறேன்."

கட்டிலைவிட்டு இறங்கி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, டாக்டர் அறைக்கு நடந்தாள்.