காலி என்று காட்டிய லிஃப்ட்

என் அத்தானுக்கு அலுவலகத்தில் 'சர்வம்' என்று பெயர். சர்வமும் தெரியும் என்று அவரே சொல்லிக்கொண்டு திரிவதால் வைத்தது. தெரிந்தது என்னவோ அரைகுறை. அதை வைத்தே லிஃப்டுகளுக்கான கர்னலை, அதாவது கம்ப்யூட்டரின் அடிப்படை மென்பொருளை, எழுதும் பிரிவுக்குத் தலைவராகிவிட்டார். அவர் எழுதுவதைச் சோதிப்பது என் பிழைப்பு. என் தலையெழுத்து.

கர்னலில் பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும். இரண்டு வேலைகள் ஒரே தகவலில் கை வைத்துக் குழப்பிவிடாமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. ஒன்று பூட்டியிருக்கும்போது மற்றவை வரிசையில் நிற்கும். லிஃப்டின் ஒரு பயணம் முடிந்ததும் அந்தப் பூட்டையே அடுத்த பயணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை. வரிசையில் யாரும் மிச்சமில்லையே என்று பார்த்துவிட்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த மகானுக்கு அதற்குக்கூடப் பொறுமை கிடையாது. பூட்டைத் துடைத்துப் புதிதாக்கிவிடுவார். வரிசையும் சேர்ந்து அழிந்துபோகும், லிஃப்ட் காலி என்று திரை காட்டும். கதவைத் திறக்க வேண்டிய வேலை அதில் நின்றிருந்தால், கூப்பிட ஆளில்லாமல் அங்கேயே நிற்கும்.

"யாராவது இன்னும் காத்துக்கிட்டு இருந்தா என்ன பண்றது அத்தான்?" என்று கேட்டேன்.

"எவன் இருக்கப் போறான்? பயணம்தான் முடிஞ்சாச்சே. நீ பட்டனை அமுக்கிப் பாக்குற வேலையை மட்டும் பாரு."

வீட்டில் அக்காவிடம் சொன்னால் அவள், "அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடப் போகுது?" என்றாள்.

பெருமைக்காக அந்த லிஃப்டைத் தன் குடியிருப்பிலேயே பொருத்த வைத்தார் மனுஷர். மேல்மாடியில் அக்கா வீட்டோடு இருக்கும் அப்பாவுக்குக் கால் விழுந்து சக்கர நாற்காலிதான் கதி. லிஃப்ட் இல்லாவிட்டால் அவருக்கு வெளியுலகமே இல்லை. அத்தானுக்கு மட்டும் என்னவாம், ஒரு மாடி ஏறவும் லிஃப்டுதான் வேண்டும்.

ஒரு நாள் காலை, அப்பாவை உடற்பயிற்சிக்குக் கூட்டிப்போக நானும் அத்தானும் கீழே நின்றிருந்தோம். மேலே அக்கா அப்பாவை ஏற்றி அனுப்பிய லிஃப்ட் இறங்கி வந்து நின்றது. கதவு திறக்கவில்லை. உள்ளே தட்டும் சத்தம்.

"அப்பா தட்டறாரு அத்தான்!"

அவர் கதவைப் பார்க்கவில்லை, கதவுக்கு மேலிருந்த திரையைப் பார்த்தார். "காலின்னு காட்டுது பாரு. இன்னும் மேலதான் இருப்பாரு. ஃபோன் போட்டுக் கேளு."

காது இரண்டும் நன்றாகக் கேட்கிற மனிதர்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் மின்சாரத்தை அணைத்துப் போட்டேன். எல்லாம் முதலிலிருந்து தொடங்க, கதவு திறந்தது. அப்பாவின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. விரல் முட்டிகள் சிவந்திருந்தன.

"தட்டினது கேக்கலையா மாப்பிள்ளை?"

"கேட்டுச்சு மாமா. ஆனா காலின்னு காட்டுச்சே..."

கதவில் தூசி என்று அத்தான் எல்லோரிடமும் சொன்னார். துணி வைத்துத் துடைத்தார். "இனிமே ஒண்ணும் ஆகாது, நான் கேரண்டி" என்றார்.

அடுத்த வாரம் மேல்மாடியில் எல்லோரும் கிளம்பி நின்றோம். அக்கா நாற்காலியை லிஃப்டுக்குள் தள்ளப் போனாள். அப்பா சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களும் கூட ஏறுங்க மாப்பிள்ளை."

அத்தான் திறந்த கதவைப் பார்த்தார். பிறகு மாடிப்படியைப் பார்த்தார்.

"நான் படியில வரேன் மாமா. நடந்தா உடம்புக்கு நல்லது."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நாற்காலியை வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

"மொதல்ல இவ அதைத் திருத்தட்டும்பா," என்று என்னைக் காட்டிச் சொன்னாள். "அப்புறம் ஏறலாம்."